உரைக்கோப்பு: எழுதுதலும் படித்தலும்

நுழையும்முன்

நிரல் இயங்கி முடிந்ததும் அது திரட்டிவைத்த விவரங்கள் அனைத்தும் நினைவகத்திலிருந்து நீங்கிவிடுகின்றன. நீங்காது நிலைக்க வேண்டியவற்றை ஒப்படைக்கும் இடம் கோப்பு. கோப்பைத் திறப்பதும் எழுதுவதும் படிப்பதும் மூடுவதும் எளிய கட்டளைகளே. எனினும் அவற்றுள் ஒன்றைப் பொருளறியாது பயன்படுத்தினால், பலநாள் உழைப்பு ஒரு நொடியில் அழியும். அல்லது அழியாமலிருந்தும் படிக்க இயலாததாகும். தமிழில் எழுதப்படும் உரைக்கோப்புகளை முன்வைத்து இதனை விளக்குகிறது இப்பாடம்.

கோப்பு என்பது யாது?

'கோத்தல்' என்னும் சொல்லின் வழிப்பிறந்தது கோப்பு. ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திச் சேர்த்தது என்பது அதன் பொருள். கணினிக் கோப்புக்கும் இப்பொருள் மிகப் பொருந்தும். வட்டில் ஒரு பெயரின்கீழ் வரிசையாக வைக்கப்பட்ட எண்களின் தொடரே கோப்பு. அவ்வெண் ஒவ்வொன்றையும் 'பைட்டு' என்கிறோம். ஒரு பைட்டு 0 முதல் 255 வரையுள்ள ஏதேனும் ஒரு மதிப்பைப் பெறும். படமும் பாடலும் கட்டுரையும் வட்டில் இவ்வாறே எண்களாக உறைகின்றன. அவ்வெண்கள் எழுத்துகளைக் குறிப்பவை என்ற உடன்பாட்டுடன் எழுதப்பட்ட கோப்பை உரைக்கோப்பு என்கிறோம்.

நிரலில் நாம் பயன்படுத்தும் மாறிகள் முதன்மை நினைவகத்தில் இருப்பவை. மின்சாரம் உள்ளவரை மட்டுமே அந்நினைவகம் தன் உள்ளடக்கத்தைக் காக்கும். வட்டோ மின்சாரம் நின்றபின்னும் காக்கும். ஆகவே இன்று இயங்கும் நிரல் நாளை இயங்கும் நிரலுக்குச் செய்தி விட்டுச்செல்ல வேண்டுமெனில், அதற்குரிய எளிய வழி கோப்பே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைத் தொடர்வோம். ஒரு வகுப்பு மாணவர்கள் தங்கள் ஊர்ப் பெரியோர் வழங்கும் வேளாண்மைச் சொற்களைத் திரட்டுகின்றனர் எனக் கொள்வோம். எருது பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பாகிய கமலை, அதில் நீரை முகந்துவரும் கலமாகிய சால், உழுத நிலத்தைச் சமப்படுத்தும் பலகையாகிய பரம்பு முதலியவை அச்சொற்கள். நீர் இறைக்கும் மின்பொறியும் நிலம் உழும் இயந்திரமும் வந்தபின் இப்பொருள்கள் வழக்கிழந்தன. அவற்றோடு சொற்களும் மறைகின்றன. இவற்றைச் 'சொற்கள்' என்னும் உரைக்கோப்பில் சேர்க்க வேண்டும். அதற்குரிய நிரலைப் பைத்தான் மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். கைடோ வான் ராசம் உருவாக்கிய இம்மொழி 1991 இல் வெளியானது. தொடக்க நிலை மாணவர்க்குப் பல நாடுகளில் கற்பிக்கப்படுவது.

திறக்கும் முறைகள்

கோப்பைக் கையாளும் முதற்படி அதனைத் திறப்பதாகும். பைத்தானில் இதற்குரிய கட்டளை 'ஓப்பன்'. இதனிடம் நாம் பொதுவாக இரண்டு செய்திகளைக் கூறுவோம்: கோப்பின் பெயர் யாது? அதனை எதற்காகத் திறக்கிறோம்? இரண்டாவது செய்தியை ஒற்றை ஆங்கில எழுத்தால் உணர்த்துவது மரபு.

'ஆர்' என்னும் எழுத்து படித்தலைக் குறிக்கும். அப்பெயரில் கோப்பு இல்லையெனில் நிரல் பிழைச்செய்தி தந்து நிற்கும். 'டபிள்யூ' எழுதுதலைக் குறிக்கும். கோப்பு இல்லையெனில் புதிதாக உருவாக்கும். இருப்பின் அதிலுள்ள அனைத்தையும் நீக்கிவிட்டு வெற்றுக்கோப்பாகத் திறக்கும். 'ஏ' சேர்த்து எழுதுதலைக் குறிக்கும். பழையன அப்படியே இருக்க, புதியன இறுதியில் சேரும். 'எக்ஸ்' புதிதாக ஆக்குதலைக் குறிக்கும். அப்பெயரில் முன்பே ஒரு கோப்பு இருப்பின் திறக்க மறுத்துவிடும்.

இவற்றுள் 'டபிள்யூ' என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். நாம் முதற்சொல்லை எழுதும்போது பழைய உள்ளடக்கம் அழிவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில், திறந்த அக்கணமே அது அழிந்துவிடுகிறது. அதன்பின் ஒரெழுத்தும் எழுதாமல் நிரலை நிறுத்தினாலும் இழந்தது இழந்ததே. 'உறுதியாக அழிக்கலாமா?' என்று கணினி கேட்பதில்லை; அழித்தவை மீட்புத் தொட்டிக்கும் செல்வதில்லை. நானூறு சொற்கள் திரண்ட கோப்பில் நானூற்று ஒன்றாவது சொல்லைச் சேர்க்க விரும்பும் மாணவர் 'ஏ' என்பதற்கு மாறாக 'டபிள்யூ' என எழுதினால், கோப்பில் எஞ்சுவது ஒரே ஒரு சொல்லாக இருக்கும்.

எழுதுதல்

திறந்த கோப்பில் எழுத 'ரைட்' என்னும் கட்டளை பயன்படுகிறது. இது நாம் கொடுத்ததை மட்டுமே எழுதும்; தானாக அடுத்த வரிக்குச் செல்லாது. 'கமலை' என்று ஒருமுறையும் 'சால்' என்று மறுமுறையும் எழுதினால், கோப்பில் 'கமலைசால்' என்றே அமையும். வரி முடிந்தது என்பதனை நாமே குறிப்பிட வேண்டும்.

வரிமுடிவும் கணினிக்கு ஓர் எழுத்தே. கண்ணுக்குத் தெரியாத எழுத்து. அதற்கும் குறியெண் உண்டு. லினக்ஸ் முதலிய யுனிக்ஸ் வழி இயக்க அமைப்புகளில் வரிமுடிவின் குறியெண் 10. விண்டோஸில் 13, 10 என்னும் இரண்டும் சேர்ந்தே வரிமுடிவு ஆகும். தொலைதட்டச்சுப் பொறிகளின் காலத்தில், அச்சு முனையை வரியின் தொடக்கத்துக்குக் கொணர்வது ஒரு செயலாகவும், தாளை ஒரு வரி மேலேற்றுவது மற்றொரு செயலாகவும் இருந்தன. அவ்விரு ஆணைகளின் எச்சமே இவ்விரு எண்கள். உரைக்கோப்பைத் திறக்கும்போது பைத்தான் இவ்வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்கிறது. எனவே நிரலில் ஒரே வகை வரிமுடிவை எழுதினால் போதும்.

மூடுதல்

'ரைட்' என்று கட்டளையிட்டவுடன் எழுத்துகள் வட்டில் பதிந்துவிட்டன என்று கருதலாகாது. வட்டில் எழுதுவது, நினைவகத்தில் எழுதுவதைவிட மிகவும் மெதுவான வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் வட்டை நாடினால் நிரலின் வேகம் குன்றும். ஆகவே எழுதவேண்டியவற்றை நினைவகத்தின் ஒரு பகுதியில் சிறிது சேர்த்துவைத்து, பின் மொத்தமாக வட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு உள்ளது. அப்பகுதியை இடைநினைவகம் எனலாம்.

'குளோஸ்' என்னும் கட்டளையால் கோப்பை மூடும்போது, இடைநினைவகத்தில் எஞ்சியிருப்பவை நிரலின் கையிலிருந்து வெளியேறிக் கோப்பைச் சேர்கின்றன. மூடுவதற்குள் நிரல் முறிந்து நின்றால், இறுதியாக எழுதிய சில வரிகள் கோப்பை எட்டாமலே போகலாம். திரையில் பிழை ஏதும் தோன்றாமையால் இவ்விழப்பு உடனே புலப்படுவதும் இல்லை.

இதனைத் தவிர்க்கப் பைத்தானில் 'வித்' என்னும் கட்டமைப்பு உண்டு. கோப்பை இதனுள் திறந்தால், அதற்குரிய கட்டளைத் தொகுதி முடிந்ததும் கோப்பு தானே மூடப்படும். தொகுதியின் நடுவில் பிழை நேர்ந்து நிரல் வெளியேறினாலும் மூடுதல் தவறாது. ஆகவே தொடக்கம் முதலே 'வித்' கட்டமைப்பைப் பழகுதல் நன்று.

படித்தல்

கோப்பைப் படிப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. 'ரீட்' என்னும் கட்டளை கோப்பு முழுவதையும் ஒரே சரமாகத் தரும். 'ரீட்லைன்' ஒருமுறைக்கு ஒரு வரியைத் தரும். மூன்றாவதாக, மடக்கு ஒன்றினுள் கோப்பை நேரடியாக அமைத்து, வரிவரியாகப் பெறலாம். சிறிய கோப்புக்கு முதல்வழி போதும். கோப்பு மிகப் பெரிதாயின் அதனை முழுமையாக நினைவகத்தில் ஏற்றுவது இயலாமற்போகலாம். அப்போது மூன்றாம் வழியே ஏற்றது.

படிக்கும்போது, இதுவரை படித்த இடத்தைக் கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது. புத்தகத்தில் விரல் வைத்துப் படிப்பதற்கு இது ஒப்பாகும். கோப்பு முழுவதையும் ஒருமுறை படித்தபின் மீண்டும் 'ரீட்' என்றால் வெற்றுச் சரமே கிடைக்கும். கோப்பு காலியானது என்பது அதன் பொருளன்று; விரல் இறுதிப் பக்கத்தில் இருக்கிறது என்பதே பொருள். 'சீக்' என்னும் கட்டளையால் தொடக்கத்துக்கு மீளலாம்.

கோப்பின் நடுவே வெற்றுவரி இருப்பின், 'ரீட்லைன்' அங்கு வரிமுடிவு எழுத்தை மட்டும் தரும்; அதன் நீளம் 1. கோப்பின் இறுதியை எட்டினால் ஒன்றுமில்லாச் சரத்தைத் தரும். அதன் நீளம் 0. வெற்றுவரியையும் கோப்பின் முடிவையும் நிரல் பிரித்தறிவது இவ்வாறே.

ஒவ்வொரு வரியும் தன் இறுதியிலுள்ள வரிமுடிவு எழுத்தையும் உடன்கொண்டே வரும் என்பது மறக்கத்தகாதது. கோப்பிலிருந்து படித்த 'கமலை'யும் நாம் விசைப்பலகையில் உள்ளிட்ட 'கமலை'யும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. முன்னதன் இறுதியில் வரிமுடிவு ஒட்டியிருப்பதே காரணம். 'ஸ்ட்ரிப்' என்னும் கட்டளையால் அதனை நீக்கியபின்னரே ஒப்பிட வேண்டும்.

எண்களிலும் இத்தகைய நுட்பம் உண்டு. ஒரு சொல்லை எத்தனை பேர் கூறினர் என்பதையும் அதே வரியில் எழுதியுள்ளோம் எனக் கொள்வோம். கோப்பில் உள்ள 12 என்பது பன்னிரண்டு என்னும் மதிப்பன்று. '1', '2' என்னும் இரண்டு எழுத்துகள். அவற்றின் குறியெண்கள் முறையே 49, 50. கோப்பிலிருந்து படித்த 12, 7 என்பவற்றை அப்படியே கூட்டினால், எழுத்துகள் ஒட்டி 127 என்று விடைவரும். 'இன்ட்' என்பதனால் அவற்றை எண்ணாக மாற்றிய பின்னரே 19 என்னும் சரியான விடை கிடைக்கும்.

ஒரு வரியில் சொல், பொருள், எண்ணிக்கை என மூன்று செய்திகளை எழுதும்போது அவற்றைப் பிரிக்க ஓர் அடையாளம் வேண்டும். காற்புள்ளியை அடையாளமாகக் கொண்டால், பொருள் கூறும் பகுதியிலேயே காற்புள்ளி வரும் இடங்களில் பிரிப்பு பிழைபடும். ஆதலின் பொருள் கூறும் பகுதியில் வர வாய்ப்பில்லாத செங்குத்துக்கோடு போன்ற குறியைப் பிரிப்பானாகக் கொள்வது பாதுகாப்பானது.

எழுத்தும் எண்ணும்

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் உடன்பாட்டைக் குறிமுறை என்பர். 1963 இல் வெளியிடப்பட்ட ஆஸ்கி என்னும் குறிமுறையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அவை போதுமாயின. பிற மொழிகளுக்கு அதில் இடமில்லை.

ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள் உண்டு. ஆங்கிலத்துக்குரிய 128 போக எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியே வைக்க இயலாது. எனவே தமிழ் எழுத்துரு அமைத்தோர், எழுத்துகளைக் காலாகவும் கொம்பாகவும் பிரித்துத் தத்தம் விருப்பப்படி இடமளித்தனர். ஓர் எழுத்துருவில் ஓரெழுத்தைக் குறித்த எண், மற்றோர் எழுத்துருவில் வேறெழுத்தைக் குறித்தது. ஒரு கணினியில் எழுதிய கட்டுரை மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. இக்குழப்பத்தை நீக்க, 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறிமுறைகள் தரப்படுத்தப்பட்டன.

உலகின் மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணையில் எண் வழங்கும் முயற்சியே ஒருங்குறி. அதன் முதற்பதிப்பு 1991 இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 என்னும் குறிமுறையையும் தமிழுக்குரிய தரங்களாக ஏற்றது.

ஒருங்குறியில் 'த' என்பதன் குறியெண் 2980. ஒரு பைட்டில் அடங்காத இவ்வெண்ணைக் கோப்பில் எழுதுவதற்குரிய முறைகளுள் பெருவழக்கானது யுடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 இல் வகுத்த இம்முறை, ஆஸ்கி எழுத்துகளை ஒரே பைட்டிலும் தமிழ்க் குறியெண்களை மூன்று பைட்டுகளிலும் எழுதும். 'த' என்பது 224, 174, 164 என அமையும்.

இம்மூன்று பைட்டுகளைப் பழைய மேலை ஐரோப்பியக் குறிமுறையில் திறந்தால் என்னாகும்? 224 என்பது தலைமேல் சாய்கோடிட்ட இலத்தீன் எழுத்தாகவும், 174 என்பது வட்டத்துள் அமைந்த வணிகப் பதிவுக் குறியாகவும், 164 என்பது பொது நாணயக் குறியாகவும் தோன்றும். ஒரு 'த' இருந்த இடத்தில் பொருளற்ற மூன்று குறிகள் நிற்கும். கோப்பில் ஒரு பைட்டும் கெடவில்லை. படித்தவரின் உடன்பாடே மாறியது.

இத்தகைய உடன்பாடு நமக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படவில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. எழுதியவரின் மரபை அறிந்தவரே அதனைச் சரியாகப் படிக்க முடிந்தது. சுவடிப் பதிப்பாசிரியர்கள் அம்மரபறிவைக் கொண்டே பாடத்தை உறுதிசெய்தனர். உரைக்கோப்பும் தன் குறிமுறை இன்னதென்று பெரும்பாலும் தானே கூறுவதில்லை. ஆகவே திறக்கும்போது குறிமுறையையும் மூன்றாவது செய்தியாகக் கூறுவது தமிழில் நிரல் எழுதுவோர்க்கு இன்றியமையாதது. 'சொற்கள்' கோப்பை எழுதும்போதும் படிக்கும்போதும் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால், அது எந்தக் கணினியிலும் ஒன்றுபோலவே திறக்கும்.

தெரிந்து தெளிவோம்

'தமிழ்' என்னும் சொல்லில் நம் கணக்கில் மூன்று எழுத்துகள்: த, மி, ழ். ஒருங்குறியின் கணக்கில் ஐந்து குறியெண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 கோப்பில் பதினைந்து பைட்டுகள். சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்றே விடைதரும்.

வரிகளை அகரவரிசைப்படுத்தும்போதும் இவ்வேறுபாடு தோன்றும். ஒருங்குறியில் றகரம் வகரத்துக்கு முன்னும், தமிழ் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னும் உள்ளது. ஆதலின் அகராதியில் அவல், அறம் என வரும் வரிசை, குறியெண்வழி அடுக்கினால் அறம், அவல் என மாறும். தமிழ் வரிசை வேண்டுமெனில் அதனை நிரலர் கற்பிக்க வேண்டும்.

திருத்தி எழுதுதல்

உரைக்கோப்பின் நடுவே ஒரு சொல்லைத் திருத்துவது எளிதன்று. ஐந்து பைட்டுகள் இருந்த இடத்தில் ஒன்பது பைட்டுகளை நுழைத்தால், அவை அடுத்து நிற்பவற்றின்மேல் பதிந்துவிடும். எனவே கோப்பு முழுவதையும் படித்து, நினைவகத்தில் திருத்தி, மீண்டும் முழுமையாக எழுதுவதே வழக்கம். இதற்காக அதே கோப்பை 'டபிள்யூ' முறையில் திறந்தால், பழையது அழிந்து புதியது முழுதும் எழுதப்படாத ஓர் இடைவேளை உண்டாகிறது. அவ்வேளையில் மின்சாரம் நின்றால் இரண்டும் இல்லை.

அறிந்த நிரலர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்வர். முதலில், பழைய கோப்பைப் படித்து மூடுவர். இரண்டாவதாக, திருத்திய உரையை வேறொரு பெயரில் புதுக்கோப்பாக எழுதி மூடுவர். மூன்றாவதாக, புதுக்கோப்பை ஒருமுறை திறந்து வரிகளை எண்ணிச் சரிபார்ப்பர். நிறைவாக, புதுக்கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டி, பழையதன் இடத்தில் அமர்த்துவர். இவ்வொழுங்கில் எப்படியில் தடைநேர்ந்தாலும், பழையதோ புதியதோ ஒன்று முழுமையாக எஞ்சும். ஏடு சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்து, ஒப்புநோக்கியபின் பழைய ஏட்டை நீக்கியோர் கண்ட நெறியும் இதுவே.

முதியவர் ஒருவர் நினைவிலிருந்து கூறிய சொல்லை மறுமுறை கேட்டுப்பெறும் வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை. அதனைப் பதிவுசெய்யும் நிரல் பத்து வரிகளே உடையதாயினும், அதன் ஒவ்வொரு வரியும் ஒரு பொறுப்பை ஏற்கிறது. எதற்காகத் திறக்கிறோம், எக்குறிமுறையில் எழுதுகிறோம், மூடினோமா, எழுதியதைப் படித்துப் பார்த்தோமா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடைகூறும் நிரலே அச்சொல்லை அடுத்த தலைமுறையிடம் சேர்க்கும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் வழங்கும் தொழில்சார்ந்த சொற்கள் இருபதைத் திரட்டி, சொல்லும் பொருளும் ஒரே வரியில் அமையுமாறு உரைக்கோப்பாக உருவாக்குக.

2. அக்கோப்பின் படி ஒன்றை 'டபிள்யூ' முறையிலும் மற்றொரு படியை 'ஏ' முறையிலும் திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடுக. இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டுக் கூறுக.

3. உங்கள் பெயரில் உள்ள எழுத்துகள், ஒருங்குறிக் குறியெண்கள், யுடிஎஃப்-8 பைட்டுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.

4. ஓலைச்சுவடியைப் படியெடுத்தலையும் உரைக்கோப்பைத் திருத்தி எழுதுதலையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.